ஒடுக்கற்பிரிவும் புணரிகளின் தோற்றமும்

உயிரினங்கள் தத்தமக்குரிய நிறமூர்த்த எண்ணைத் தலைமுறைதோறும் மாறாது காத்து வருகின்றன. நெல்லின் உடற்கலத்தில் 24 நிறமூர்த்தங்களும் மனிதனின் உடற்கலத்தில் 46 நிறமூர்த்தங்களும் உள. மனிதனுக்குரிய எண் 46 என்பதை 1956 ஆம் ஆண்டில் சியோ, லெவான் என்னும் இருவர் நிறுவினர். விந்தும் முட்டையும் கூடியே புதிய உயிர் தோன்றுகின்றது. அவ்விரண்டும் 46 வீதம் கொண்டுவருமாயின் பிள்ளைக்கு 92 உம் பேரப்பிள்ளைக்கு 184 உம் ஆதல் வேண்டும். அவ்வாறு ஆகாமைக்குக் காரணம் யாது?

1883 இல் பெல்ஜிய நாட்டறிஞர் வான் பெனேடன் குதிரையின் குடலில் வாழும் வட்டப்புழுவை ஆராய்ந்தார். அதன் விந்திலும் முட்டையிலும் இரண்டிரண்டு நிறமூர்த்தங்களும், கருக்கட்டிய முட்டையில் நான்கும் இருத்தலைக் கண்டார். புணரிகள் தோன்றுமுன் இவ்வெண் பாதியாகக் குறைதல் வேண்டும் என 1887 இல் யேர்மனிய அறிஞர் வைஸ்மன் வாதித்தார். இக்குறைப்பை நிகழ்த்துவதே ஒடுக்கற்பிரிவு.

நிறமூர்த்தங்கள் ஒருமுறை இரட்டிக்க, கலம் இருமுறை பிரிதலே இதன் அடிப்படையாகும். முதற்பிரிவின் முன்னவத்தையில், தந்தைவழி வந்த ஒவ்வொரு நிறமூர்த்தமும் தாய்வழி வந்த தன் இணையை அணுகிச் சோடி சேரும். ஒவ்வொன்றும் இரண்டு அரைநிறவுருக்களை உடையதாகலின் ஒரு சோடியில் நான்கு இழைகள் உள. அவற்றுள் தாய்வழி இழையும் தந்தைவழி இழையும் ஒத்த இடங்களில் முறிந்து, துண்டங்களை மாற்றிக்கொள்ளும். இது குறுக்குப்பரிமாற்றம் எனப்படும். பின்னர்ச் சோடிகள் கலத்தின் நடுவே நிரல்பட நின்று, இணைகள் எதிரெதிர் முனைகளை அடையும். எண் பாதியாவது இந்நிலையிலேயாம். இரண்டாம் பிரிவில் அரைநிறவுருக்கள் வேறாகி, முடிவில் நான்கு கலங்கள் தோன்றுகின்றன. ஆணில் நான்கும் விந்துக்களாகும். பெண்ணிலோ ஒன்றே முட்டையாகும். ஏனையவை முனைவுடல்களாய் அழிந்தொழியும். இதனால் உணவுச் சேமிப்பு ஏறக்குறைய முழுவதும் முட்டைக்கே எஞ்சுகின்றது.

ஒரு சோடி எம்முனை நோக்கி நிற்கும் என்பது ஏனைய சோடிகளைச் சார்ந்ததன்று. ஆகவே 23 சோடிகளையுடைய மனிதனில் 8,388,608 வகைப் புணரிகள் தோன்றுதல் கூடும். குறுக்குப்பரிமாற்றத்தையும் சேர்ப்பின் வகைகள் எண்ணிலடங்கா. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் ஒருவரையொருவர் முற்றும் ஒவ்வாமை இதனாலேயாம்.

இவ்வேறுபாட்டின் அருமையை வாழை நன்கு உணர்த்தும். பயிரிடப்படும் வாழைகளுட் பல, 11 வீதம் மூன்று தொகுதியாக 33 நிறமூர்த்தங்களை உடையன. மூன்றனைச் செவ்வனே சோடியாக்கிப் பங்கிடல் இயலாமையின் நற்புணரிகள் அரிதாகவே தோன்றும். கருக்கட்டலின்றியே காய் பருக்கும் இயல்பும் உடன் அமைதலால் விதையற்ற கனி கிடைக்கின்றது. உண்போர்க்கு இது நன்மையே. ஆயின், குட்டிகளாற் பெருகும் வாழைகள் யாவும் தாய்மரத்தின் பரம்பரையலகுகளையே கொண்டிருத்தலின், ஒன்றைக் கொல்லும் நோய் அனைத்தையும் கொல்ல வல்லது. மத்திய அமெரிக்காவின் ஏற்றுமதித் தோட்டங்களிற் சிறந்திருந்த குரோ மிசேல் வாழை பனாமா நோயால் அழிய, 1960 களில் கவண்டிஷ் வாழை அதனிடத்தைப் பெற்றது. அதுவும் விதையற்றதே. அந்நோயின் வேறொரு வகை இன்று கவண்டிஷையும் தாக்கி வருகின்றது. 2019 இல் அது கொலம்பியாவிலும் உறுதிசெய்யப்பட்டது.

ஆகவே, ஒடுக்கற்பிரிவு எண்ணைக் காக்கும் ஏற்பாடு மாத்திரமன்று. வருங்காலத்தில் எந்நோய் வரும், எக்காலநிலை நிலவும் என அறியாத உயிரினம், தன் சந்ததியுட் சிலவேனும் பிழைத்தற்கு வழிசெய்யும் ஏற்பாடும் அதுவேயாம்.