பிடுங்கி எறியும் முன் ஒரு நிமிடம்... இது குப்பைமேனி!

இரண்டு மழை பெய்தால் போதும். கிணற்றடி, சுவரோரம், ரோஜாத் தொட்டி என்று எங்கும் முளைத்துவிடும். களை என்று பிடுங்கி வீசுகிறோம். ஆனால், பாட்டி காலத்தில் பிள்ளைகளுக்குச் சொறி சிரங்கு வந்தால் முதலில் தேடிப் போனது இந்தச் செடியைத்தான். குப்பை மேட்டில் வளர்வதால் இந்தப் பெயர் என்பார்கள். குப்பையாகிப்போன மேனியைச் சரிசெய்வதால் வந்த பெயர் என்று சொல்பவர்களும் உண்டு.

எப்படி அடையாளம் காண்பது?

ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஒன்றிரண்டு அடி உயரம் வளரும். இலை ஓரத்தில் அரம் போன்ற பற்கள் இருக்கும். கீழ் இலைகளுக்குக் காம்பு நீளம், மேல் இலைகளுக்குக் குட்டை. அதனால் ஒன்றின் நிழல் மற்றொன்றின் மேல் விழாது. தண்டோடு இலை சேரும் இடத்தில் கதிர் நிமிர்ந்து நிற்கும். அதில் குட்டிக் கிண்ணம் போன்ற பச்சைச் செதில்கள் இருந்தால், அது குப்பைமேனியேதான்.

இன்னொரு சாட்சி, பூனை! இதன் வேரைப் பிடுங்கிப் போட்டால் பூனை தேடி வந்து முகர்ந்து, உரசி, புரளும். ‘பூனைவணங்கி’ என்ற பெயரும் அதனால்தான்.

பாட்டி வைத்தியம்

* சொறி, அரிப்பு: ஒரு கைப்பிடி இலையோடு கல் உப்பு சேர்த்து அரைத்துப் பூசி, சிறிது நேரம் ஊறவிட்டுக் குளிப்பார்கள்.
* பூச்சிக்கடி: இலையோடு மஞ்சள் சேர்த்து அரைத்துப் பற்றுப் போடுவார்கள்.
* மூட்டுவலி: இலைச்சாற்றை நல்லெண்ணெயில் காய்ச்சி, இளஞ்சூட்டில் தேய்ப்பார்கள்.
* சளி: கொதிக்கும் நீரில் இலையைப் போட்டு ஆவி பிடிப்பார்கள்.

ஆய்வகச் சோதனைகளில் இதன் சாறு சில பாக்டீரியாக்களின் வளர்ச்சியைத் தடுத்திருக்கிறது. ஆனாலும், இரவில் அதிகமாகும் அரிப்பு, வீட்டில் ஒருவர் மாற்றி ஒருவருக்கு வந்தால் அது சிரங்குப் பூச்சியாக இருக்கலாம். அப்போது பற்றை நம்பி நாளைக் கடத்தாதீர்கள். வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் மருத்துவம் செய்துகொண்டால்தான் அது போகும்.

குடிக்கும் முன் யோசியுங்கள்

குடல்புழுவுக்கும் சளிக்கும் இலைச்சாற்றைக் குழந்தைகளுக்குப் புகட்டும் வழக்கம் இருந்தது. இலங்கையில் கஞ்சியிலும் சேர்ப்பதுண்டு. இங்குதான் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது.

சிலருக்குப் பிறவியிலேயே ‘ஜி6பிடி’ என்ற நொதி ரத்தத்தில் குறைவாக இருக்கும். பெரும்பாலும் ஆண்களைப் பாதிக்கும் இந்தக் குறை, பலருக்கு இருப்பதே தெரியாது. இவர்கள் குப்பைமேனியை உட்கொண்டால் சிவப்பணுக்கள் உடைந்துபோகலாம். இலங்கை மருத்துவர்கள் இப்படிப்பட்ட நோயாளிகளைப் பற்றிப் பதிவு செய்திருக்கிறார்கள். சாப்பிட்ட ஓரிரு நாளில் சிறுநீர் காப்பி நிறத்தில் போவது, கண் மஞ்சளாவது, மூச்சு வாங்குவது ஆகியவை இதன் அறிகுறிகள். உடனே மருத்துவமனைக்குப் போங்கள். என்ன இலை கொடுத்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

அதனால், சித்த மருத்துவரைக் கேட்காமல் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் உள்ளே கொடுக்கவே வேண்டாம்.

பறிக்கும்போது...

சாலையோரம், சாக்கடை ஓரம், களைக்கொல்லி அடித்த இடம் வேண்டாம். இலையை இரண்டு மூன்று முறை அலசுங்கள். முதலில் முழங்கையின் உட்புறம் கொஞ்சம் தடவி, ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். எரிச்சலோ தடிப்போ வந்தால் விட்டுவிடுங்கள். திறந்த புண்ணில் பச்சை இலையை வைக்காதீர்கள்.

அடுத்த முறை தொட்டியில் களை எடுக்கும்போது ஒரே ஒரு குப்பைமேனியை மட்டும் விட்டுவையுங்கள். பேரப்பிள்ளைகளைக் கூப்பிட்டு அந்தக் குட்டிக் கிண்ணங்களைக் காட்டுங்கள். எதற்குப் பூசலாம் என்பதோடு, ஏன் குடிக்கக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்லிக் கொடுங்கள்.