விலாசம் சொல்லாத காவற்காரன்

வத்தக்குழம்புக்கு எவ்வளவு புளி கரைப்பதென்று கைப்பேசியில் பார்க்கப் புகுந்தவர், அந்த ஒரு வரியை அடைவதற்குள் நகைக்கடையையும், கடன் கொடுப்போரையும், மூட்டுவலித் தைலத்தையும் தாண்டிவர நேர்கிற இந்நாளில், தீப்பெட்டியைவிடச் சற்றே நீளமான ஒரு யந்திரத்தைக் கொண்டு வீடு முழுவதற்கும் விளம்பரத்தை நிறுத்தலாமென்றால் அதிசயமாகவே தோன்றும். விளம்பரத்தால் பிழைக்கும் பத்திரிகையில் இதை எழுதுவது தர்மமா என்ற சங்கடம் எனக்கும் உண்டு. ஆயினும், அச்சிட்ட விளம்பரம் பக்கத்தைப் புரட்டிய வாசகர் அப்புறம் எங்கே போனாரென்று பின்தொடர்ந்து வருவதில்லை.

ஓர் இணையப் பக்கத்தைத் திறக்கும்போது எழுத்து ஓரிடத்திலிருந்தும், விளம்பரங்கள் வேறு பல இடங்களிலிருந்தும் வந்து சேருகின்றன. அந்த இடங்களின் பெயர் நம் கருவிக்குத் தெரியுமே தவிர, எண்களாலான விலாசம் தெரியாதாகையால், டி.என்.எஸ். என்னும் விலாச விசாரணை நிலையத்தைக் கேட்ட பிறகே அது புறப்பட வேண்டியிருக்கிறது. 1983-ல் பால் மொக்கபெட்ரிஸ் இந்த ஏற்பாட்டை வகுப்பதற்கு முன், அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்தார் கணினிகளின் பெயரையும் விலாசத்தையும் ஒரே ஜாபிதாவாக எழுதி வைத்திருந்தார்கள். இன்று விளம்பரத்தைத் தடுப்பவர்கள் கையாள்வதும் பெரும்பாலும் அதே மாதிரியான ஜாபிதாதான் என்பது விநோதம்: பல்லாயிரம் விளம்பர நிலையங்களின் பெயர், ஒவ்வொன்றுக்கும் நேரே வெறும் பூஜ்யங்கள்.

ஜேக்கப் சல்மேலா என்பவர் தொடங்கி, பின்னர் பலர் கூடி வளர்த்த ‘பை-ஹோல்’ என்னும் இலவச மென்பொருள், அந்த விசாரணை நிலையத்தை வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்து வைக்கிறது. செய்தித்தளத்தின் விலாசம் கேட்டால் வெளியே விசாரித்துச் சொல்லும். ஜாபிதாவிலுள்ள பெயரைக் கேட்டால் 0.0.0.0 என்று விடை கொடுத்துவிடும். அழைப்பே போகாததால் விளம்பரம் வருவதில்லை. ஆகையால், தடுப்பு மென்பொருள் எதையும் ஏற்ற இடங்கொடாத தொலைக்காட்சிப் பெட்டிக்கும் இந்தக் காவல் செல்லும்.

இதற்கு வேண்டிய கணினி, பள்ளிப் பிள்ளைகள் புரோகிராம் எழுதப் பழகட்டுமென்று பிரிட்டனில் 2012-ல் கொண்டுவந்த ராஸ்பெர்ரி பை. அதன் ‘ஸீரோ’ என்ற சிறு வடிவம் 2015-ல் 5 டாலர் விலையில் வெளிவந்தபோது, ஒரு பத்திரிகையின் அட்டையில் ஒட்டி இலவசமாகவே கொடுத்தார்கள். காலண்டர் கொடுத்த நம் பத்திரிகைகளுக்கு அது தோன்றவில்லை! 2017-ல் வைஃபையோடு 10 டாலர் விலையில் வெளிவந்த வடிவமும், ஒரு மெமரி கார்டும், பழைய கைப்பேசி சார்ஜரும் போதும்.

அந்தக் கணினிக்கு மாறாத விலாசமொன்றைக் கொடுத்து, ரவுட்டரில் டி.என்.எஸ். என்ற கட்டத்தில் பதிந்தால் வேலை முடிந்தது. இரண்டாவது கட்டம் காலியாயிருக்கிறதேயென்று, முன்ஜாக்கிரதையாக வெளி நிலையமொன்றின் எண்ணை நான் அதில் இட்டேன். முதலாவது படுத்தால்தான் கருவிகள் இரண்டாவதை நாடுமென்று எண்ணியது தப்பு. தோன்றியபோதெல்லாம் அதையும் கேட்டு, விளம்பரம் பாதி வந்தும் பாதி வராமலும் ஒரு வாரம் வேடிக்கை காட்டின.

விளம்பரம் நின்றதைவிட எனக்குப் பிரயோஜனமாகப் பட்டது, கேட்கப்பட்ட பெயரையெல்லாம் நேரத்தோடு பை-ஹோல் எழுதிவைக்கும் குறிப்பேடுதான். வீட்டார் அனைவரும் உறங்கிய இரவு 2 மணிக்கு, அணைத்துவைத்த தொலைக்காட்சிப் பெட்டி ஏதோவொரு கணக்கெடுப்பு நிலையத்தின் விலாசத்தைக் கேட்பதும், பூஜ்யத்தைப் பெற்றும் சலிக்காமல் சில நிமிஷங்களில் மறுபடி கேட்பதுமாக விடியும்வரை விழித்திருந்ததை அதில் வரிவரியாகப் படித்தேன்.

எல்லாம் நிற்குமென்று எண்ண வேண்டாம். யூடியூபில் படமும் விளம்பரமும் ஒரே வீட்டிலிருந்து வருவதால், ஒன்றின் விலாசத்தை மறைத்தால் மற்றதும் வராது. சில பிரௌசர்கள் தம் விசாரணையைச் சங்கேதத்தில் பூட்டி நேரே வெளியே அனுப்பிவிடுகின்றன. சார்ஜரை யாராவது பிடுங்கிவிட்டால் வீடு முழுவதும் இணையம் நின்றுபோகும். வேண்டியதும் சில வேளை அடிபடும். புடவைக்கடையிலிருந்து வந்த தள்ளுபடிச் செய்தியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்த என் மனைவி, “லிங்க் எதுவும் தொறக்க மாட்டேங்குது, உங்க டப்பாவைக் கொஞ்சம் நிறுத்துங்க” என்றாள். காவற்காரனை 5 நிமிஷம் உறங்கவைக்கவும் ஒரு பொத்தான் உண்டு, அழுத்தினேன். அந்த 5 நிமிஷத்தில் இரண்டு புடவை வாங்கியாயிற்று.