மூன்றும் சமம் என்றால் இரண்டு சமம் இல்லையா?

கடந்த பல்கலைக்கழக விடுமுறையில், எங்கள் வட்டாரத்தில் ஒரு கடைவீட்டு மாடியில் நடக்கும் பிரத்தியேக வகுப்பில் பகுதி நேரமாகக் கணிதம் சொல்லிக்கொடுத்தேன். என் மாணவர்களில் பலர் தமிழ்ப்பள்ளியை முடித்துப் படிவம் 1-இல் புதிதாகக் கால் வைத்தவர்கள். அவர்களில் ஒரு மாணவி நிறைய கேள்விகள் கேட்பாள். பதில் தெரியாவிட்டாலும் கை தூக்குவாள்.

ஒருநாள் முக்கோணங்களைப் பற்றிய பயிற்சித் தாள் ஒன்றைக் கொடுத்தேன். ஐந்து முக்கோணங்கள் வரையப்பட்டிருந்தன. அவற்றுள் 'சாமா காக்கி' முக்கோணங்களை, அதாவது இருசமபக்க முக்கோணங்களை, வட்டமிட வேண்டும். விடை இரண்டு என்று நினைத்திருந்தேன். அவள் மூன்றை வட்டமிட்டிருந்தாள். மூன்றாவது ஒரு சமபக்க முக்கோணம். மூன்று பக்கங்களும் 5 செண்டிமீட்டர்.

சிவப்புப் பேனாவால் ஒரு பிழைக்குறி போட்டேன்.

"அக்கா, இதுலயும் ரெண்டு காலும் சமமாத்தானே இருக்கு?" என்று கேட்டாள்.

"இல்லம்மா, மூணும் சமம். அதனால இது சமபக்க முக்கோணம். இருசமபக்கம் வேற, சமபக்கம் வேற" என்றேன்.

அவள் மறுபேச்சுப் பேசவில்லை. பென்சிலால் போட்ட வட்டத்தை அழித்தாள். அதன் பிறகு ஒவ்வொரு கேள்விக்கும் விடை எழுதுமுன் என் முகத்தைப் பார்த்தாள். அப்போது நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகுதான் தெரிந்தது, தவறு என்னுடையது என்று.

முக்கோண வகைகள் நம் எல்லோருக்கும் தெரிந்த பாடம்தான். முக்கோணத்திடம் நாம் இரண்டு கேள்விகள் கேட்கிறோம். முதலாவது, 'உன் பக்கங்களில் எத்தனை சமம்?' மூன்றும் சமம் என்றால் சமபக்க முக்கோணம். இரண்டு சமம் என்றால் இருசமபக்க முக்கோணம். எதுவும் சமமில்லை என்றால் அசமபக்க முக்கோணம். இரண்டாவது, 'உன் மிகப் பெரிய கோணம் எவ்வளவு?' அது 90 பாகைக்குக் குறைவு என்றால் குறுங்கோண முக்கோணம், சரியாக 90 என்றால் செங்கோண முக்கோணம், 90-ஐத் தாண்டினால் விரிகோண முக்கோணம்.

மிகப் பெரிய கோணத்தை மட்டும் ஏன் கேட்க வேண்டும்? மூன்று கோணங்களின் கூட்டுத்தொகை 180 பாகை. ஆகவே ஒரு முக்கோணத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட செங்கோணமோ விரிகோணமோ இருக்க முடியாது. குறைந்தது இரண்டு கோணங்கள் எப்போதும் குறுங்கோணங்களே. மீதமுள்ள ஒன்றுதான் முக்கோணத்தின் பெயரை முடிவு செய்கிறது.

இந்த இரண்டு கேள்விகளும் தனித்தனி. ஒரே முக்கோணத்துக்கு இரண்டு பெயர்கள் உண்டு. தேர்வில் பலர் மதிப்பெண்ணைக் கோட்டைவிடுவது இங்கேதான். உங்கள் வடிவியல் பெட்டியில் இருக்கும் இரண்டு மூலைமட்டங்களை எடுத்துப் பாருங்கள். ஒன்றின் கோணங்கள் 45, 45, 90. அது செங்கோண முக்கோணம், அதே சமயம் இருசமபக்க முக்கோணம். மற்றொன்றின் கோணங்கள் 30, 60, 90. அதுவும் செங்கோண முக்கோணம்தான், ஆனால் அசமபக்கம். சதுர ரொட்டித் துண்டை மூலைக்கு மூலை வெட்டினால் கிடைப்பது முதல் வகை. துணி மாட்டும் ஹேங்கர் பெரும்பாலும் விரிகோண இருசமபக்க முக்கோணமாக இருக்கும்.

பக்கத்தைக் கொண்டு மூன்று, கோணத்தைக் கொண்டு மூன்று என ஒன்பது கட்டங்கள் கொண்ட அட்டவணை ஒன்றை வரைந்து, ஒவ்வொன்றிலும் ஒரு முக்கோணத்தை வரைந்து பாருங்கள். ஏழு கட்டங்கள் நிரம்பும். இரண்டு காலியாகவே இருக்கும். செங்கோண சமபக்கம், விரிகோண சமபக்கம் என்று எதுவும் இல்லை. மூன்று பக்கங்களும் சமமானால் மூன்று கோணங்களும் சமம். 180-ஐ மூன்றாகப் பிரித்தால் 60 தான் வரும்.

வகைப்படுத்தும்போது கண்ணை மட்டும் நம்பாதீர்கள். சாலையோரத்தில் 'வழி விடு' என்று சொல்லும் சிவப்பு விளிம்புப் பலகையைப் பார்த்திருப்பீர்கள். தலைகீழாக நின்றாலும் அது சமபக்க முக்கோணம்தான். செங்கோணம் கீழ் மூலையில்தான் இருக்கும் என்று பழகிவிட்டோம். அதே முக்கோணத்தைச் சாய்த்து வரைந்தால் பலர் அதைக் குறுங்கோண முக்கோணம் என்கிறார்கள். தாளைத் திருப்பிப் பார்த்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

படமே இல்லாமல் பக்க அளவுகளை மட்டும் கொடுத்தால்? அதற்கும் வழி உண்டு. முதலில் சிறிய பக்கங்கள் இரண்டையும் கூட்டுங்கள். அது பெரிய பக்கத்தைவிட அதிகமாக இருக்க வேண்டும். 3, 4, 8 என்றால் முக்கோணமே உருவாகாது. 3-உம் 4-உம் சேர்ந்தாலும் 8-ஐ எட்டாது. அடுத்து பைத்தாகரஸ் தேற்றம் நமக்கு உதவும். சிறிய பக்கங்கள் இரண்டின் வர்க்கங்களைக் கூட்டி, பெரிய பக்கத்தின் வர்க்கத்துடன் ஒப்பிடுங்கள்.

6, 8, 10 என்றால் 36 + 64 = 100. பெரிய பக்கத்தின் வர்க்கமும் 100. ஆகவே செங்கோண முக்கோணம்.

5, 6, 7 என்றால் 25 + 36 = 61. பெரிய பக்கத்தின் வர்க்கம் 49, குறைவு. ஆகவே குறுங்கோண முக்கோணம்.

4, 5, 8 என்றால் 16 + 25 = 41. பெரிய பக்கத்தின் வர்க்கம் 64, அதிகம். ஆகவே விரிகோண முக்கோணம்.

பாகைமானியே தேவையில்லை.

இவ்வளவும் எனக்கு அன்றே தெரியும். தெரியாமல் போனது ஒரு சிறு சொல்.

இந்தத் தவணையில் வடிவியல் விரிவுரை ஒன்றில், விரிவுரையாளர் இருசமபக்க முக்கோணத்தின் வரையறையை எழுதினார். 'குறைந்தது இரண்டு பக்கங்கள் சமமாக உள்ள முக்கோணம்.' நான் பழக்கத்தில் 'இரண்டு பக்கங்கள்' என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டு நிமிர்ந்தேன். அந்தக் 'குறைந்தது' என்ற சொல் கண்ணில் பட்டதும் கடைவீட்டு மாடியும் சிவப்புப் பிழைக்குறியும்தான் நினைவுக்கு வந்தன. இந்த வரையறைப்படி மூன்று பக்கங்கள் சமமான முக்கோணமும் இருசமபக்க முக்கோணமே. எல்லாச் சமபக்க முக்கோணங்களும் இருசமபக்க முக்கோணங்கள். ஆனால் எல்லா இருசமபக்க முக்கோணங்களும் சமபக்க முக்கோணங்கள் அல்ல.

அன்றிரவு விடுதி அறையில் கவராயத்தை எடுத்து வைத்துக்கொண்டு யோசித்தேன். கவராயத்தின் இரண்டு கால்களும் ஒரே நீளம், 5 செண்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கால்களை மெல்ல விரித்துக்கொண்டே போனால், இரண்டு நுனிகளுக்கும் இடையில் ஓர் அடிப்பக்கம் வளர்ந்துகொண்டே போகிறது. 5, 5, 3. பிறகு 5, 5, 4. கோணம் 60 பாகையைத் தொடும்போது 5, 5, 5. இன்னும் விரித்தால் 5, 5, 6. 90 பாகையைத் தாண்டிய பிறகு 5, 5, 8 என்ற விரிகோண முக்கோணம். தொடக்கம் முதல் முடிவு வரை கால்கள் இரண்டும் சமமாகவே இருக்கின்றன. 60 பாகையைத் தொடும் அந்த ஒரு நொடியில் மட்டும் அது 'சாமா காக்கி' இல்லை என்று சொல்வது எப்படி நியாயம்?

மலாய்ச் சொல்லையே பாருங்கள். 'சாமா' என்றால் சமம், 'காக்கி' என்றால் கால். கால்கள் இரண்டும் சமம் என்று மட்டுமே அது சொல்கிறது. அடிப்பக்கத்தைப் பற்றி அது வாயே திறக்கவில்லை. ஆங்கிலத்தில் வழங்கும் 'ஐசோசலிஸ்' என்ற சொல்லும் கிரேக்க மொழியில் 'சமமான கால்' என்ற பொருளுடைய சொல்லிலிருந்து வந்ததுதான். தமிழில் 'இரு' என்ற எண் பெயரிலேயே இருப்பதால், 'இரண்டு மட்டும்' என்று நானாக ஒரு 'மட்டும்' சேர்த்துக்கொண்டேன். என் மாணவியோ மலாயில் படித்ததைச் சொல்லுக்குச் சொல் புரிந்துகொண்டு கால்களைப் பார்த்தாள். இரண்டு மொழிகளில் படித்தும், இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் விட்டது நான்தான்.

ஆனால் என் பக்கமும் ஒரு பெரிய மனிதர் நின்றார். சுமார் கி.மு. 300-இல் 'மூலங்கள்' என்ற நூலை எழுதிய யூக்ளிட், அதன் முதல் பாகத்தின் 20ஆம் வரையறையில் முக்கோணங்களைப் பக்கங்களைக் கொண்டு மூன்றாகப் பிரிக்கிறார். அங்கே இருசமபக்க முக்கோணத்துக்கு அவர் தரும் வரையறை, இரண்டு பக்கங்கள் மட்டுமே சமமானது என்பதுதான். அடுத்த வரையறையில் கோணங்களைக் கொண்டு பிரிக்கிறார். நாம் இன்றும் படிக்கும் ஆறு வகைகளும் அந்த இரண்டு வரையறைகளில் இருக்கின்றன.

அப்படியானால் நான் போட்ட பிழைக்குறி சரிதானா? அதே நூலின் நான்காம் பாகத்துக்குப் போவோம். வட்டத்துக்குள் ஒழுங்கு அறுகோணம் வரையும் 15ஆம் தேற்றத்தில், யூக்ளிட்டுக்குச் சமபக்க முக்கோணத்தின் கோணங்கள் மூன்றும் சமம் என்று காட்ட வேண்டியிருக்கிறது. அதற்கு அவர் சொல்லும் காரணம், இருசமபக்க முக்கோணத்தின் அடிக்கோணங்கள் சமம் என்பது. அதாவது, வரையறையில் வெளியே நிறுத்திய சமபக்க முக்கோணத்தை, நிறுவல் என்று வந்ததும் அவரே உள்ளே அழைத்துக்கொள்கிறார்.

ஏன்? அதுதான் வசதி. இருசமபக்க முக்கோணத்தைப் பற்றி ஒரு தேற்றத்தை நிறுவிவிட்டால், சமபக்க முக்கோணத்துக்கு மீண்டும் ஒருமுறை நிறுவ வேண்டியதில்லை. ஒரு ஜோடிப் பக்கங்களை எடுத்தால் இரண்டு கோணங்கள் சமம். இன்னொரு ஜோடியை எடுத்தால் மூன்றாவது கோணமும் சமம். இரண்டே வரிகளில் 60 பாகை வந்துவிடுகிறது. 'மட்டும்' என்று கதவைச் சாத்திவிட்டால் இந்தக் குறுக்குவழி இல்லை. பெட்டி பெட்டியாகப் பிரித்து அடுக்குவதற்கு 'மட்டும்' உதவும். காரணம் காட்டி நிறுவுவதற்குக் 'குறைந்தது' உதவும்.

தேர்வு எழுதப் போகும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. ஒரு முக்கோணத்தின் பெயரைக் கேட்டால், அதற்குப் பொருந்தும் மிகத் துல்லியமான பெயரை எழுதுங்கள். மூன்று பக்கங்களும் சமம் என்றால் 'சமபக்கம்' என்று எழுதுவதே பாதுகாப்பு. ஆனால் 'சரியா, பிழையா' என்ற கேள்வி வந்தால், உங்கள் பாடநூலில் உள்ள வரையறையை ஒருமுறை படித்துப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் ஆசிரியரிடம், 'இங்கே இரண்டு என்றால் இரண்டு மட்டுமா, குறைந்தது இரண்டா?' என்று கேளுங்கள். நான் யாரிடமும் கேட்டதில்லை.

தவணை முடிந்து ஊருக்கு வந்ததும், மறுபடியும் அந்த மாடிக்குப் போனேன். அந்த மாணவி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பழைய பயிற்சித் தாள் அவளுடைய கோப்பிலேயே இருந்தது. அழித்த வட்டத்தின் தடம் லேசாகத் தெரிந்தது. அதன் மேல் என் சிவப்புப் பிழைக்குறி. பையிலிருந்து கவராயத்தை எடுத்து, அவள் எதிரில் விரித்துக் காட்டினேன். வரையறையையும் எழுதிக் காட்டினேன்.

"அப்போ அன்னிக்கு நான் வட்டம் போட்டது சரியாக்கா?"

"சரிதாம்மா. நீ காரணத்தோட சொன்ன. நான்தான் சரியா யோசிக்காம தப்புன்னு போட்டுட்டேன்."

பிழைக்குறியை அடித்துவிட்டுப் பக்கத்தில் சரிக்குறி போட்டுக் கொடுத்தேன். அவள் தாளையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த வரிசையில் சில நாற்கரங்கள் இருந்தன.

"அப்படின்னா சதுரமும் செவ்வகம்தானேக்கா?"

இந்த முறை அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் உடனே பதில் சொல்லவில்லை.

"செவ்வகத்துக்கு வரையறை என்ன? முதல்ல அதைச் சொல்லு, பார்ப்போம்" என்றேன்.