சவப்பெட்டியிலிருந்து வெளிச்சத்துக்கு!

மெட்டல் கச்சேரி என்றாலே டிரம்ஸ் காதைப் பிளக்கும். ஆனால், ‘சன்’ குழுவின் (டி.வி இல்லீங்க!) மேடையில் பெரும்பாலும் டிரம்ஸே இருக்காது. துறவி அங்கி, முகம் மறைக்கும் புகை, பின்னால் சுவராக ஆம்ப்ளிஃபயர்கள்... அவ்வளவுதான்.

அமெரிக்கர்களான ஸ்டீஃபன் ஓ’மாலி, கிரெக் ஆண்டர்சன் இருவரும் 1998-ல் தொடங்கிய குழு இது. பெயரே ஓர் ஆம்ப்ளிஃபயர் பிராண்டின் பெயர்தான். கிட்டார் கம்பியை ஒருமுறை மீட்டிவிட்டு, அந்த ஒலி கரையும்வரை காத்திருப்பார்கள். தம்புரா சுருதி பூதாகரமாக வளர்ந்தால் எப்படியிருக்கும்? கிட்டத்தட்ட அப்படி. காதைவிட நெஞ்சுக்கூடுதான் முதலில் அதிரும்.

ஆரம்பத்தில் ஒரே இருட்டு. 2005-ல் ‘பிளாக் ஒன்’ ஆல்பத்துக்காகப் பாடகர் மேலஃபிக்கைச் சவப்பெட்டிக்குள் படுக்கவைத்தே பாடவைத்தார்கள். மூடிய இடமென்றாலே அவருக்கு பயமாம்!

அதே ரூட்டில் போயிருந்தால், வெறும் பேய்க்காட்டும் வித்தையாகவே முடிந்திருக்கும். 2009-ல் வந்த ‘மோனோலித்ஸ் அண்ட் டைமென்ஷன்ஸ்’ ஆல்பத்தில் பெண்கள் கோரஸும் வயலின்களும் நுழைந்தன. கடைசிப் பாடலான ‘ஆலிஸ்’, ஜாஸ் மேதை ஆலிஸ் கோல்ட்ரேனுக்கு அஞ்சலி. அதில் அந்த முரட்டு கிட்டார்கள் மெல்ல ஒதுங்கி, ஜூலியன் பிரீஸ்டரின் டிராம்போனுக்கு வழிவிடும் இடம் இருக்கிறதே... சிலிர்ப்பு!

‘டெத் மெட்டல்’ தெரியும். 2019-ல் இவர்கள் வைத்த தலைப்பு ‘லைஃப் மெட்டல்’. ஸ்டீவ் அல்பினி ஒலிப்பதிவு செய்த அந்த ஆல்பத்தில், பின்னர் ‘ஜோக்கர்’ பட இசைக்காக ஆஸ்கர் வென்ற ஹில்டுர் பாடியிருக்கிறார். அதே கனம்தான், ஆனால், பயமில்லை.

‘ஆலிஸ்’ பாடலிலிருந்து தொடங்குங்கள். போன் ஸ்பீக்கரில் வேண்டாம், பாதி ஒலி வரவே வராது. ஹெட்போன் கட்டாயம், வால்யூமில் கவனம்!