மனைவியின் பணிவு பந்தயப் பொருளா?

திருத்தணிக்கு அப்பால், ஆந்திர எல்லையை ஒட்டி அமைந்த நெசவூர் பொதட்டூர்பேட்டை. தறியின் ஓசை கேட்டு வளர்ந்த அத்தகைய ஊர்களில், ஒருவர் கையால் மட்டும் துணி விளைவதில்லை என்பதைச் சிறு பிள்ளையும் அறியும். கணவர் தறியில் அமர்ந்தால் மனைவி தார் சுற்றித் தருகிறார். தார் தீர்ந்தால் நாடா நின்றுவிடும். நாடா நின்றால் அன்றைய கூலியும் நின்றுவிடும். அந்த வீட்டில் யார் யாரை வாழ வைக்கிறார்? இக்கேள்வியை மனத்தில் இருத்திக்கொண்டு, நானூறு ஆண்டுகளுக்கும் முற்பட்ட ஒரு நாடகத்தைச் சற்றே நோக்குவோம், வாருங்கள்.

ஆங்கில நாடகப் பேராசிரியர் ஷேக்ஸ்பியர் 1590-ஆம் ஆண்டையொட்டி எழுதியது அது. அடங்காத பெண்ணை அடக்கிய கதை என்பதே அதன் பெயருக்குப் பொருள். அவர் மறைந்து ஏழாண்டுகள் கழித்து, 1623-இல் வெளிவந்த தொகுப்பில் அச்சேறியது. நம் தமிழகத்துக்கும் அக்கதை புதிதன்று. 1963-இல் சிவாஜி கணேசனும் பானுமதியும் நடித்து வெளிவந்த 'அறிவாளி' திரைப்படம் அதன் தழுவலே. 1972-இல் வெளிவந்து தேசிய விருது பெற்ற 'பட்டிக்காடா பட்டணமா' படத்திலும் அதன் சாயல் உண்டு. செருக்குடைய பெண்ணைக் கணவன் வழிக்குக் கொண்டுவருவதைக் கண்டு அரங்குகள் கைதட்டின. நம்மில் பலர் வீட்டுப் பெரியவர்களும் அவற்றைக் கண்டு சிரித்தவர்களே.

சிரிப்புக்குப் பின்னே இருப்பது என்ன?

பதுவா நகரத்துச் செல்வர் பாப்டிஸ்டாவின் மூத்த மகள் காதரீன். கடுஞ்சொல் பேசுபவள் என்று ஊரார் அஞ்சி ஒதுங்குகின்றனர். அவளுக்கு மணமாகாமல் இளையவளுக்கு மணமில்லை என்பது தந்தையின் முடிவு. அங்கே வருகிறான் பெட்ரூச்சியோ. செல்வமுள்ள பெண்ணை மணக்கவே வந்ததாக அவன் மறைக்காமல் சொல்கிறான். 20,000 கிரௌன் நாணயமும், தந்தை காலமானபின் நிலத்தில் பாதியும் கைக்கூலியாகப் பேசி முடிக்கப்படுகின்றன. காதரீனோ மறுக்கிறாள். தனிமையில் அவள் சம்மதித்துவிட்டாள் என்று பெட்ரூச்சியோ கூறுவதையே தந்தை ஏற்றுக்கொள்கிறார்.

மணமான பிறகு அவன் அவளை அடிக்கவில்லை. நாம் கூர்ந்து கவனிக்க வேண்டிய இடம் இதுவே. இறைச்சி கருகிவிட்டது, உன் உடலுக்கு ஆகாது என்று கூறி உணவைத் தூக்கி எறிகிறான். படுக்கை சரியில்லை என்று கூச்சலிட்டு அவளை உறங்கவிடாமல் செய்கிறான். தைத்து வந்த உடையில் குறைகண்டு திருப்பி அனுப்புகிறான். எல்லாம் அவள் நன்மைக்காகவாம்! வேட்டைப் பருந்தைப் பட்டினியும் விழிப்பும் கொடுத்துப் பழக்குவதுபோலப் பழக்குகிறேன் என்று தனியே நமக்குச் சொல்லியும் விடுகிறான். தந்தை வீட்டுக்குப் புறப்பட்ட வழியில், பகலவனை நிலவு என்கிறான். அவள் மறுத்தால் பயணமில்லை, வீடு திரும்ப வேண்டியதுதான். களைத்துப்போன அவள், நீர் எதைச் சொன்னாலும் அதுவே என்று ஒப்புக்கொள்கிறாள்.

இறுதியில் ஒரு விருந்து. புதிதாக மணமான மூவர், யார் மனைவி அழைத்தவுடன் வருவாள் என்று ஆளுக்கு 100 கிரௌன் பந்தயம் கட்டுகின்றனர். மற்ற இரு மனைவியரும் வர மறுக்க, காதரீன் மட்டும் உடனே வருகிறாள். மகிழ்ந்துபோன தந்தை மேலும் 20,000 கிரௌன் வழங்குகிறார். அதன்பின் அவள் நீண்டதோர் உரை நிகழ்த்துகிறாள். கணவன் கடலிலும் நிலத்திலும் பாடுபடுகிறான். மனைவி வீட்டில் பாதுகாப்பாக உறங்குகிறாள். ஆகவே அவன் காலடியில் தன் கையை வைக்கவும் அவள் கடமைப்பட்டவள் என்பது அதன் சாரம்.

சகோதர சகோதரிகளே! நெசவூரின் இல்லத்தரசி இவ்வுரையைக் கேட்டால் என்ன சொல்வார்? தார் சுற்றிச் சுற்றிக் கை காய்த்துப்போனவரை, பாதுகாப்பாக உறங்குகிறாய் என்று எவர் கூற முடியும்? தறி இல்லாத வீட்டிலும் விடியுமுன் அடுப்பு மூட்டுபவர் யார்? காதரீனின் உரை எந்த அடித்தளத்தின்மேல் நிற்கிறதோ, அதுவே நம் வீடுகளில் இல்லை.

அந்நாடகத்தின் முடிவை அதன் நாட்டினரே ஒருமனதாக ஏற்கவில்லை. 1611-ஐ ஒட்டி ஜான் பிளெட்சர் என்பவர் மறுமொழி போல மற்றொரு நாடகம் எழுதினார். அதில் மனைவியை இழந்த பெட்ரூச்சியோ மறுமணம் புரிய, புது மனைவி அவனை அடக்குகிறாள். 1897-இல் பெர்னாட்ஷா அந்த இறுதிக் காட்சியைக் கடுமையாகச் சாடினார். இது வெறும் வேடிக்கையே, நாடகத்துக்குள் ஒரு குடிகாரனுக்குக் காட்டப்படும் நாடகமே என்று அமைதி கூறுவோரும் உளர்.

நமக்குரிய அளவுகோல்

குடும்பத்தை நிர்வகிக்கும் பொறுப்பும் பொருள் ஈட்டிக் காக்கும் கடமையும் ஆணுக்கு உண்டென்பதைத் திருமறை எடுத்துரைக்கிறது. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அதே திருமறை, மனைவியருடன் நல்ல முறையில் வாழுங்கள் என்று கணவர்க்குக் கட்டளையிடுகிறது. பால்குடி மறக்கச் செய்வதைக்கூடப் பெற்றோர் இருவரும் கலந்து பேசி, மனமொத்து முடிவு செய்யட்டும் என்கிறது. ஒரு குழந்தையின் பாலுக்கே கலந்தாலோசனை வேண்டுமெனில், மற்றவற்றுக்கு வேண்டாமா?

கன்ஸா (ரலி) அவர்களை அவர் விருப்பத்துக்கு மாறாகத் தந்தை மணமுடித்து வைத்தபோது, அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அத்திருமணத்தை ரத்துச் செய்தார்கள். காதரீனுக்குக் கிட்டாத நீதி அது. ஹுதைபிய்யாவில் தோழர்கள் மனமுடைந்து தயங்கி நின்ற வேளையில், துணைவியார் உம்மு ஸலமா (ரலி) அவர்கள் கூறிய யோசனையை ஏற்றே நபியவர்கள் செயல்பட்டார்கள், சிக்கலும் தீர்ந்தது. வீட்டில் இருக்கும்போது குடும்பத்தாரின் வேலைகளில் உதவியாக இருந்தார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். பந்தயம் கட்டி மனைவியை அழைத்துப் பார்க்கும் கணவரின் சாயல் இங்கே எங்கேனும் உண்டா?

மனைவி கணவருக்குக் கட்டுப்படுவது நன்மையானவற்றில்தான். பகலவனை நிலவென்று சொல்லச் செய்வது பொய்க்குக் கட்டுப்படச் செய்வதாகும். அப்படிப் பெற்ற பணிவில் அன்பு இருக்கிறதா, அச்சம் இருக்கிறதா என்பதை அந்தக் கணவனாலும் அறிய முடியாது.

கைநீட்டி அடித்ததில்லை என்று பெருமை கொள்ளும் கணவர்கள் சற்றே சிந்திக்க வேண்டும். குழம்பில் உப்பு குறைந்ததற்காகத் தட்டைத் தள்ளியதுண்டா? உன் நன்மைக்குத்தான் என்று கூறித் தாய் வீட்டுக்கு அனுப்ப மறுத்ததுண்டா? நண்பர்கள் முன்னிலையில், என் சொல்லைத் தட்டமாட்டாள் என்று காட்டிக்கொள்ள அவரை அழைத்ததுண்டா? மகளைப் பெற்றோரும் சிந்திக்க வேண்டும். மகள் வாய் திறவாமல் இருப்பதைக் கண்டு நிம்மதி அடையுமுன், அவள் மனநிறைவோடு இருக்கிறாளா, களைத்துப்போய் இருக்கிறாளா என்று தனியே அழைத்து ஒரு முறை கேட்டுவிடுங்கள்.

தறியில் பாவு நூலும் ஊடை நூலும் ஒன்றையொன்று தாங்கினால்தான் அது ஆடை. கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் ஆடை என்றே திருமறையும் கூறுகிறது. இன்றிரவு உணவு விரிப்பில் அமரும்போது, இல்லத்தரசியை முதலில் உண்ணச் சொல்லி, அவர் பேசுவதை இடைமறிக்காமல் கேட்டுப் பாருங்கள்.