கல்லீரல் புற்றுநோயும் பிறந்த அன்றே போடும் ஊசியும்

சத்தமில்லாத தொற்று

ஹெபடைடிஸ் பி கல்லீரலைத் தாக்கும் வைரஸ். இரத்தம், உடலுறவு, பிரசவம் ஆகியவற்றின் வழியே பரவும். ஒரே தட்டில் சாப்பிடுவதால் பரவாது. பெரியவர்களுக்குத் தொற்றினால் மஞ்சள் காமாலை வரலாம். ஆனால் 100 பேரில் 95 பேருக்குச் சில மாதங்களில் வைரஸ் தானாகவே நீங்கிவிடும். பச்சிளம் குழந்தைக்கு நேர்வது இதற்கு நேர்மாறானது. அதன் நோய் எதிர்ப்பாற்றல் வைரஸை எதிரியாக இனம் காண்பதில்லை. காய்ச்சலும் வராது, காமாலையும் தெரியாது. 10 குழந்தைகளில் 9 குழந்தைகளின் உடலில் வைரஸ் ஆயுள் முழுக்கத் தங்கிவிடும். வீட்டாருக்குச் சந்தேகமே எழாது என்பதுதான் இதில் உள்ள ஆபத்து.

தைவானில் பாமர் பீஸ்லி

அமெரிக்கத் தொற்றுநோயியல் அறிஞர் பாமர் பீஸ்லி 1972-இல் தைவான் சென்றார். அங்கு ஏழு பேரில் ஒருவருக்காவது இந்த வைரஸ் நிலைத்திருந்தது. கல்லீரல் புற்றுநோயும் அதிகம். தொற்றுள்ள தாய்மார்களையும் அவர்களின் குழந்தைகளையும் அவரது குழு தொடர்ந்து கவனித்தது. வைரஸ் வேகமாகப் பெருகுவதைக் காட்டும் 'இ ஆன்டிஜென்' தாயின் இரத்தத்தில் இருந்தால் குழந்தைக்குத் தொற்று நிலைப்பது ஏறக்குறைய நிச்சயம் என்றும், பெரும்பாலும் அது பிரசவ நேரத்திலேயே நடக்கிறது என்றும் தெரியவந்தது.

அரசு ஊழியர்கள் 22,707 பேர்

புற்றுநோய்க்கு வைரஸ்தான் காரணமா என்பது தனிக் கேள்வி. புற்றுநோயாளிகளிடம் வைரஸ் காணப்பட்டால் மட்டும் போதாது; நோயால் நலிந்த உடலில் அது பின்னால் புகுந்திருக்கலாம் என்ற வாதம் அன்று இருந்தது. பூஞ்சை பிடித்த தானியத்திலுள்ள அஃப்ளடாக்சின் நஞ்சையும் பலர் காரணமாகச் சொன்னார்கள். எது முந்தியது என்று அறிய, நோய் வருவதற்கு முன்பே ஆட்களைச் சோதித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

பீஸ்லியும் அவரது சக ஆய்வாளர் லூ-யூ ஹுவாங்கும் அதைத்தான் செய்தனர். 1975 முதல் 1978 வரை 22,707 ஆண் அரசு ஊழியர்களின் இரத்தத்தைச் சோதித்தனர். 3,454 பேரிடம் வைரஸ் இருந்தது. அரசு ஊழியர்களுக்குக் காப்பீடு உண்டு என்பதால், யார் எதனால் இறந்தார் என்பது பதிவாகிவிடும். பெரிய ஆய்வகங்களால் தீர்க்க முடியாத வழக்கை ஒரு காப்பீட்டுப் பதிவேடு தீர்த்துவைத்தது என்றால் மிகையில்லை. 1981-இல் 'லான்செட்' இதழில் வெளியான முடிவு இது: கல்லீரல் புற்றுநோயால் இறந்த 41 பேரில் 40 பேர் வைரஸ் உள்ளவர்கள். மற்றவர்களைவிட அவர்களுக்கு ஆபத்து 223 மடங்கு.

தடுப்பூசி தந்த பலன்

பிறந்தவுடன் இம்யூனோகுளோபுலினும் (ஆயத்த எதிர்ப்பொருள்) தடுப்பூசியும் சேர்த்துக் கொடுத்தால் பெரும்பாலான குழந்தைகளைக் காக்கலாம் என்பதையும் அதே குழு சோதனையில் காட்டியது. 1984 ஜூலையில் தைவான் அரசு தொற்றுள்ள தாய்மார்களின் குழந்தைகளுக்கும், 1986-இல் எல்லாக் குழந்தைகளுக்கும் தடுப்பூசியைக் கொண்டுவந்தது. தைபே நகரச் சிறுவர்களிடம் 10 சதவீதத்தை ஒட்டியிருந்த தொற்று, பத்தே ஆண்டுகளில் 1.3 சதவீதமானது. 6 முதல் 14 வயதுக்குட்பட்டோரின் கல்லீரல் புற்றுநோய் லட்சத்துக்கு 0.70-இலிருந்து 0.36 ஆகக் குறைந்தது. தடுப்பூசியால் ஒரு புற்றுநோய் குறைந்ததற்கு உலகம் கண்ட முதல் சான்று இதுதான்.

இங்கே செய்ய வேண்டியது

இந்தியாவில் 2002-இல் சில இடங்களில் தொடங்கிய ஹெபடைடிஸ் பி தடுப்பூசி 2011-இல் நாடு முழுவதற்கும் வந்தது. முதல் ஊசியைப் பிறந்த 24 மணி நேரத்துக்குள் போட வேண்டும். 6, 10, 14-ஆவது வாரங்களில் போடும் பென்டாவேலன்ட் ஊசியில் மற்ற தவணைகள் அடங்கிவிடும். 'குழந்தை கொஞ்சம் தேறட்டும், அப்புறம் போடலாம்' என்று தள்ளிப்போடுவது கூடாது. தாய்க்குத் தொற்று இருந்தாலும், குழந்தைக்கு ஊசி போட்டுவிட்டுத் தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம். கர்ப்பிணிகள் ஹெபடைடிஸ் பி பரிசோதனையைத் தவறாமல் செய்துகொள்ளுங்கள். குழந்தையோடு வீடு திரும்பும் முன், பிறந்த அன்று போட வேண்டிய ஊசி தடுப்பூசி அட்டையில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள்.