கனமான டயரும் திணறும் ஏடிவியும்

மாணவர்களே, ஒரு கேள்வியுடன் தொடங்குவோம். ஓர் ஏடிவி வண்டியின் பின்பக்கத் தாங்கியில் 10 கிலோ அரிசி மூட்டைகள் இரண்டை வைத்துக் கட்டுகிறோம். அதே போன்ற இன்னொரு வண்டியில் மூட்டை எதுவும் இல்லை. ஆனால், பழைய டயர்களைக் கழற்றிவிட்டு, ஒவ்வொன்றும் 5 கிலோ கூடுதல் கனமுள்ள நான்கு டயர்களை மாட்டுகிறோம். இரண்டு வண்டிகளும் முன்பைவிட 20 கிலோ கனத்துவிட்டன. இரண்டையும் ஒரே நேரத்தில் கிளப்பினால் எது முந்தும்?

எடை ஒன்றுதானே, இரண்டும் சேர்ந்தேதான் போகும் என்று தோன்றலாம். உண்மையில் அரிசி மூட்டை ஏற்றிய வண்டியே முந்தும்.

இரண்டு வேலை செய்யும் டயர்

அரிசி மூட்டை வண்டியோடு சேர்ந்து முன்னால் போகிறது. அவ்வளவுதான் அதன் வேலை. டயரோ முன்னால் போக வேண்டும், தானும் சுழல வேண்டும். நின்றிருக்கும் பொருள் நகர மறுக்கும் தன்மையை நிலைமம் என்று படித்திருப்பீர்கள். சுழற்சிக்கும் அப்படி ஒரு நிலைமம் உண்டு. அது பொருண்மையை மட்டும் பொறுத்ததல்ல. அந்தப் பொருண்மை அச்சிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதையும் பொறுத்தது. தூரம் இரு மடங்கானால் சுழல் நிலைமம் நான்கு மடங்காகும். டயரின் ரப்பரில் பெரும்பகுதி அச்சிலிருந்து மிகத் தள்ளி, விளிம்பில்தான் இருக்கிறது.

இதனால் விளிம்பில் உள்ள 1 கிலோ, வண்டி வேகமெடுக்கும்போது ஏறக்குறைய 2 கிலோ போல நடந்துகொள்கிறது. முன்னால் செல்ல ஒரு பங்கு ஆற்றல், சுழல இன்னொரு பங்கு ஆற்றல். டயரில் ஏறும் 1 கிலோ எட்டுக் கிலோவுக்குச் சமம் என்று சிலர் சொல்வதுண்டு. அது மிகை. வழுக்காமல் உருளும் சக்கரத்தில் இரு மடங்கைத் தாண்டாது.

கணக்கிட்டுப் பார்ப்போம். வண்டியும் ஓட்டுநரும் சேர்ந்து 360 கிலோ, டயர் ஒன்று 9 கிலோ என்று வைத்துக்கொள்வோம். டயரின் எடை முழுவதும் விளிம்பில் இருப்பதாகக் கொண்டால், எஞ்சின் உணரும் சுமை 360 + 36 = 396 கிலோ. அரிசி ஏற்றினால் அது 416 ஆகும். டயர் ஒன்று 14 கிலோ ஆனால் 380 + 56 = 436 ஆகும். அதே உந்துவிசையில் அரிசி வண்டியின் முடுக்கம் ஏறக்குறைய 5 விழுக்காடு குறைகிறது. கன டயர் வண்டிக்கோ 9 விழுக்காடு குறைகிறது.

சமதரையில் ஒரே சீரான வேகத்தில் போகும்போது இந்த வேறுபாடு தெரியாது. ஆனால், கெமென்சாவிலோ லங்காவியிலோ ஏடிவி போகும் காட்டுப்பாதை அப்படிப்பட்டதா? வளைவு, ஏற்றம், ஓடை என்று நொடிக்கு நொடி வேகம் மாறுகிறது. ஒவ்வொரு முறையும் எஞ்சின் அந்தக் கூடுதல் சுமையைச் சந்திக்கிறது. பிரேக் பிடிக்கும்போதும் இதே கதைதான். டயரில் சேர்ந்த ஆற்றல் முழுவதையும் பிரேக்தான் வெப்பமாக மாற்ற வேண்டும்.

பெரிய டயரின் கூடுதல் விலை

கனமான டயர் பெரும்பாலும் பெரிய டயராகவும் இருக்கும். அச்சில் உள்ள முறுக்கு விசையை டயரின் ஆரத்தால் வகுத்தால் தரையைத் தள்ளும் விசை கிடைக்கும். விட்டம் 25 அங்குலத்திலிருந்து 28 அங்குலமானால் அந்த விசை ஏறக்குறைய 11 விழுக்காடு குறைகிறது. பிரேக்கின் பிடிக்கும் விசையும் அதே அளவு குறைகிறது. வண்டியும் உயர்ந்துவிடுவதால் ஈர்ப்பு மையம் மேலே போகிறது. சரிவில் கவிழும் ஆபத்து கூடுகிறது.

மேடுபள்ளத்திலும் சிக்கல் உண்டு. கல்லில் மோதி எழும்பும் சக்கரத்தை ஸ்பிரிங் உடனே கீழே தள்ள வேண்டும். சக்கரம் கனமாக இருந்தால் திரும்பத் தரையைத் தொட நேரமாகும். தரையைத் தொடாத டயருக்கு உராய்வு இல்லை. உராய்வு இல்லையென்றால் திருப்பவும் முடியாது, நிறுத்தவும் முடியாது.

அப்படியானால் கன டயர் ஏன்?

1970-இல் ஹோண்டா அமெரிக்காவில் அறிமுகப்படுத்திய யுஎஸ்90 என்ற மூன்று சக்கர வண்டியில் ஸ்பிரிங்கே கிடையாது. காற்றழுத்தம் குறைந்த பருத்த டயர்களே குலுக்கலைத் தாங்கின. இன்றும் ஏடிவி டயரின் அழுத்தம் ஏறக்குறைய 35 கிலோபாஸ்கல்தான். காருக்கு 220 கிலோபாஸ்கல் அளவில் அடைக்கிறோம். குறைந்த அழுத்தத்தில் டயர் தட்டையாகப் பரவி, சேற்றில் புதையாமல் மிதக்கிறது.

ஆனால், மெல்லிய டயரைக் கூரான கல்லும் வெட்டுப்பட்ட மரக்கட்டையும் எளிதில் கிழித்துவிடும். அதைத் தடுக்க உள்ளே கூடுதல் அடுக்குகளும், சேற்றைக் கவ்வ ஆழமான பற்களும் தேவை. இவை இரண்டுமே எடையைக் கூட்டும். ஆழ்ந்த சேற்றில் பிடிப்பில்லாத லேசான டயரைவிட, பிடிப்புள்ள கன டயரே மேல். மணலிலும் சமமான மண்பாதையிலும் அந்தக் கனம் வீண் சுமை. ஆகவே பாதையைப் பார்த்து, வண்டியின் கையேட்டில் தயாரிப்பாளர் குறிப்பிட்ட அளவுக்குள் டயரைத் தேர்ந்தெடுப்பதே சரி. தோற்றத்துக்காக மாட்டும் பெரிய டயர், இறக்கத்தில் வண்டி நிற்க வேண்டிய இடத்தைத் தள்ளிப்போட்டுவிடும்.

செய்து பாருங்கள்

ஒரே அளவிலான இரண்டு காலி மைலோ டின்களை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டு 50 சென் காசுகளை ஒரு டின்னின் உட்சுவரில் சமமான இடைவெளியில் ஒட்டுங்கள். இன்னொன்றில் நான்கை மூடியின் நடுவிலும் நான்கை அடிப்பாகத்தின் நடுவிலும் ஒட்டுங்கள். இரண்டையும் ஒரு சாய்ந்த பலகையில் ஒரே நேரத்தில் உருட்டிவிடுங்கள். எடை ஒன்றே, ஆனாலும் எந்த டின் பிந்துகிறது என்று பாருங்கள். காசுகளை இன்னும் கூட்டினால் இடைவெளி எப்படி மாறுகிறது என்பதையும் அளந்து அட்டவணையில் எழுதுங்கள்.